புரோநோட் கேஸ்ல தோத்துட்டீங்களா? அப்பீலுக்கு இதைப் பண்ணுங்க

கடனைக் கட்டி முடிச்சாச்சு, ஆனா புரோநோட்டை திரும்ப வாங்கல, அதை வச்சே கேஸ் போட்டு டிகிரியும் (பணத்தைக் கட்டணும்னு கோர்ட் போடற உத்தரவு) வாங்கிட்டாங்கன்னா இடிஞ்சு போய் உக்காந்துடாதீங்க, நாள் ஓடிட்டே இருக்கும். தீர்ப்பு, டிகிரி ரெண்டுக்கும் உடனே சர்டிஃபைடு காப்பி (கோர்ட்டே சீல் வச்சு குடுக்கற நகல்) கேட்டு மனு போடுங்க. மாவட்ட அளவுல இருக்கற அப்பீல் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். காப்பி ரெடியாக எத்தனை நாள் ஆச்சோ அதை இந்தக் கணக்குல சேர்க்க வேண்டாம், அந்தத் தேதியெல்லாம் காப்பியிலயே சீல் வச்சு எழுதியிருக்கும், பாத்துக்கோங்க.

நீங்க ஆஜராகாததால எக்ஸ்பார்ட்டியா (உங்க தரப்பைக் கேக்காம) தீர்ப்பு ஆனதுன்னா மொதல்ல அதே கோர்ட்ல 30 நாளுக்குள்ள செட் அசைடு மனு (அந்த டிகிரியை ரத்து பண்ணக் கேக்கற மனு) போடறதுதான் நல்லது.

நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்: அப்பீல் போட்டா மட்டும் எதுவும் நிக்காது, ஸ்டே மனு தனியா போடணும், இல்லன்னா அப்பீல் ஒரு பக்கம் நடக்க இன்னொரு பக்கம் ஜப்திக்கு வந்துருவாங்க. ஸ்டே குடுக்கறதுக்கு ஒரு தொகையை டெபாசிட் பண்ணச் சொல்லுவாங்க, காசு ரெடி பண்ணி வைங்க.

கையெழுத்து உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டா பணம் வாங்குனீங்கன்னு தான் சட்டம் எடுத்துக்கும், அதனால "நான் வாங்கவே இல்ல"ன்னு வெறுமனே சொல்லி பிரயோஜனம் இல்ல. திருப்பிக் கட்டுனதுக்கு கீழ் கோர்ட்ல குடுத்த பேங்க் ஸ்டேட்மெண்ட், சாட்சி சொன்னது, இதுல எதை ஜட்ஜ் கண்டுக்கலன்னு வக்கீல்கிட்ட வரிவரியா காட்டுங்க, ஏன்னா அப்பீல்ல புது ஆதாரத்தை லேசுல ஏத்துக்க மாட்டாங்க.

வக்கீலுக்கு வசதி இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் பாக்காம இலவசமாவே வக்கீல் வச்சுக் குடுப்பாங்க.