“என்னைய அனுப்பி வச்சிருங்க” என்று வீட்டுப் பெரியவர் கேட்டால்

வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் உள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் படுக்கையில் விழுந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் போவேன். புண்ணைக் கழுவவோ யூரின் டியூப்பைப் பார்க்கவோதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெரியவர் என் கையைப் பிடித்து, “ஒரு ஊசியப் போட்டு என்னைய அனுப்பி வச்சிரு தாயி” என்பார். பக்கத்தில் நிற்கும் மகனும் மருமகளும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் கையால் உயிரை முடித்துவைக்கும் முறைக்கு நான் எதிரானவள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ‘கூடாது’ என்று சொல்பவர்கள் அந்தப் பெரியவரின் வலிக்கும் வெட்கத்துக்கும் ராத்திரித் தூக்கத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதைச் செய்யாமல் வாயால் மட்டும் எதிர்ப்பதில் எனக்கு மரியாதை கிடையாது.

அந்தப் பேச்சு வந்தவுடன்

“அப்படியெல்லாம் பேசப்படாது, சும்மா இருங்க” என்று அடக்காதீர்கள். அடக்கினால் மறுபடி சொல்ல மாட்டார், மனதுக்குள் வைத்துப் புழுங்குவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். “இப்ப எங்க நோவுது?” “ராத்திரி தூங்குனியளா?” “யாரும் ஏதும் சொன்னாவளா?” பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

முக்கூடல் பக்கம் காலமெல்லாம் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு ஆச்சி. இடுப்பு எலும்பு உடைந்து படுத்துவிட்டார். சாக வேண்டும், சாக வேண்டும் என்று ஒரே பேச்சு. சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று ஒதுக்கினார். விசாரித்தால், தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், அதற்கு மகன்தான் வந்து தூக்க வேண்டும், அந்த வெட்கம். தண்ணீர் குடிக்காததால் மலம் கட்டிக்கொண்டு வயிறு வலி வேறு. பெட்பேன் வாங்கி வைத்து, பக்கத்து வீட்டு மதினி ஒருத்தி காலையும் மாலையும் வந்து உதவ, மலமிளக்கி மருந்தும் கொடுக்க, அந்தப் பேச்சு நின்றது. செத்தால் போதும் என்று சொன்ன அதே ஆச்சி அடுத்த வாரம் உளுந்தங்களி கேட்டார், கருப்பட்டி கூடுதலாகப் போட்டு.

எல்லாருக்கும் இப்படி எளிதாகத் தீராது என்பது எனக்குத் தெரியும். மனச்சோர்வு நோயாகவே பிடித்திருக்கலாம். வயதானால் அப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள், அதற்கு மருந்து உண்டு. மாத்திரைகளைச் சேர்த்து ஒளித்து வைக்கிறார், எல்லாரிடமும் விடைபெறுவது போலப் பேசுகிறார் என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது. மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கவே கூடாது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், 104-இலும் பேசலாம். பெரியவரும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

வலியை முதலில் அடக்குங்கள்

புற்றுநோய் வலியோடு கிடப்பவரிடம் வாழ்க்கையின் அருமையைப் பேசுவது கொடுமை. முதலில் வலி போக வேண்டும். கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல காலம் அது நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். ஆனால் வீடுகளில் பயம் போகவில்லை. “மார்ஃபின் குடுத்தா கதை முடிஞ்சிரும்லா?” என்று என்னிடமே கேட்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் வாய்வழியாகக் கொடுத்தால் ஆளைக் கொல்லாது, தூங்கவைக்கும், பேசவைக்கும். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, டாக்டர் எழுதித் தந்த மணிக்கணக்கில் கொடுப்பது. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எங்கே கேட்பது? உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. கேட்காத வீட்டுக்கு யாருக்கும் வழி தெரியாது. பெரிய விஷயம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடம்பும் படுக்கையும்

பத்தமடைப் பாய் படுக்கச் சுகம்தான், தானாகப் புரண்டு படுக்கத் தெரிந்த உடம்புக்கு. புரள முடியாதவருக்குப் பாய் போதாது. காற்று மெத்தை வேண்டும். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குறுக்கு, குதிகால், இடுப்பின் இரண்டு பக்கம், தோள்பட்டை, பின்மண்டை, இந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது. சாம்பல், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் கழுவுங்கள். வாடை வரும் புண்ணுக்கு மருந்து இருக்கிறது, செவிலியரிடம் கேளுங்கள். புண் வாடைதான் பேரப்பிள்ளைகளை அந்தக் கட்டிலிலிருந்து விரட்டுகிறது. பிள்ளைகள் வராமல் போன நாளிலிருந்து பெரியவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு கொடுக்கும்போது தலையை நன்றாக உயர்த்தி, சிறு கவளமாகக் கொடுத்து, முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வையுங்கள்.

கட்டில் எங்கே கிடக்கிறது?

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சாவில், அதாவது முன் வராந்தாவில்தான் தாத்தா கட்டில் இருக்கும். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது கட்டும் வீடுகளில் தார்சா கிடையாது. கட்டில் பின்னால் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் போய்விட்டது. விருந்தாள் வந்தால் கதவைச் சாத்துகிறார்கள். வயசாளி மேல் நமக்கிருந்த எண்ணம் மாறியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சம்பாதிப்பவருக்கு முன்னறை, சம்பாதிக்காதவருக்குப் பின்னறை என்று ஆகிவிட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஊரில் இருக்கும் நாம் செய்யக்கூடியதைச் செய்வோம்.

கட்டிலைப் பட்டாசலுக்கு, அதாவது வீட்டின் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். டிவி, அடுக்களைச் சத்தம், வாசல் எல்லாம் தெரியும்படி போடுங்கள். கை நன்றாக இருந்தால் முருங்கைக்கீரை ஆயவோ பூண்டு உரிக்கவோ கொடுங்கள், மெதுவாகச் செய்யட்டும். நெல்லுக்கு என்ன விலை, யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு என்ன மொய் எழுதலாம் என்று யோசனை கேளுங்கள். முதியோர் உதவித்தொகை வந்தால் அதை அவர் கையிலேயே கொடுங்கள். பேத்திக்கு நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்க முடிகிற ஆச்சி, தன்னைப் பாரம் என்று அவ்வளவு சீக்கிரம் சொல்வதில்லை.

சொத்து விஷயம். பெரியவர்களுக்குச் சொல்கிறேன், உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். எழுதினால், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். 2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. நம் பகுதிக்குச் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567.

பார்த்துக்கொள்பவர் ஒருத்தியே என்றால்

பெரும்பாலும் மருமகள்தான், இல்லாவிட்டால் கல்யாணமாகாத மகள். ராத்திரி மூன்று முறை எழுந்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அப்புறம் பீடித் தட்டையும் எடுத்து உட்காரும் பெண்ணின் முகத்தைத்தான் பெரியவர் நாள் முழுக்கப் பார்க்கிறார். அவள் களைப்பைப் பார்த்துத்தான் “நான் போயிட்டா இவளுக்கு விடுதலை” என்று நினைக்கிறார். ஆகவே அவளுக்கு ஓய்வு கொடுப்பது பெரியவருக்குச் செய்யும் வைத்தியம். வாரத்தில் ஒரு ராத்திரி மகன் விழித்திருக்கட்டும். வெளியூர்ப் பிள்ளைகள் பணம் மட்டும் அனுப்பாமல் லீவு போட்டு வந்து ஒரு வாரம் முறைவைத்துப் பார்க்கட்டும். நாத்தனார்மார் வந்து குறை சொல்லிவிட்டுப் போகாமல், வந்த அன்றைக்குப் புண்ணைக் கழுவட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “எதுக்கு இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கணும், ஒரு வழி பண்ணிரலாம்லா” என்று ஜாடையாகப் பேசும் உறவுக்காரர் எந்த ஊரிலும் இருப்பார். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுத்த வயசாளிகளைச் சாகவைத்ததெல்லாம் நமக்குத் தெரியும். அப்படிப் பேசுபவரிடம் சிரித்து மழுப்பாதீர்கள். “அது கொலை. இந்த வீட்ல நடக்காது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பெரியவர் காதில் விழும்படியே சொல்லுங்கள். நிம்மதியாகத் தூங்குவார்.

நான் ஏன் எதிர்க்கிறேன்

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002-இலேயே கருணைக்கொலைக்குச் சட்டம் வந்துவிட்டது. கனடாவில் 2016-இல் வந்தது. 2021-இல் அதை விரித்து, சாவு நெருங்காதவர்களும் கேட்கலாம் என்றார்கள். பிரிட்டனில் சாகும் தறுவாயில் இருப்பவர் டாக்டர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள வழிசெய்யும் மசோதாவுக்கு 2025 ஜூனில் மக்கள் சபையில் ஆதரவாக 314, எதிராக 291 என்று வாக்கு விழுந்தது. அங்கே கடுமையாக எதிர்த்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர். ஆதரிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாங்க முடியாத வலியைக் கண்ணால் பார்த்தவர்கள், முடிவு அவரவருடையது என்கிறார்கள். ஆனால் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பதற்கே மன்னிப்புக் கேட்கும் நம் ஆச்சிமார் முன்னால் அந்தப் படிவத்தை வைத்தால், அவர்கள் தங்களுக்காகக் கையெழுத்துப் போட மாட்டார்கள், நமக்காகப் போடுவார்கள். கனடாவின் அரசு அறிக்கைகளிலேயே, குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற கவலையும் காரணங்களில் ஒன்றாகப் பதிவாகிறது. அந்தக் கவலையைத் தீர்க்க வேண்டியது ஊசி இல்லை.

1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பைஸைத் தொடங்கியபோதே, சாகப் போகிறவரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனசிலும் உறவிலும் பணக்கவலையிலும் இருக்கிறது என்றார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஊர்க்காரர்களே சேர்ந்து வீடு வீடாகப் போய் நோய் ஆதரவு சிகிச்சையைக் கொடுக்கிறார்கள், 2008-இல் அரசே அதற்குக் கொள்கை வகுத்தது. செங்கோட்டையைத் தாண்டினால் நடப்பது இங்கே நடக்க முடியாதா?

வென்டிலேட்டர் வேண்டாம் என்பது கொலை இல்லை

இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிழைக்கவே வழியில்லாத நிலையில், சாவைத் தள்ளிப்போட மட்டும் உதவும் இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்வது வேறு, உயிரை எடுப்பது வேறு. ஆண்டுக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் தொடங்கி, 2018 மார்ச் 9-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஊசி போட்டு முடிப்பது இன்றும் குற்றம்தான்.

பெரியவர் சுயநினைவோடு இருக்கும்போதே, என்னென்ன சிகிச்சை வேண்டாம் என்று உயில் போல எழுதிவைக்கலாம். 2023-இல் விதியை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். தன்னால் பேச முடியாதபோது யார் முடிவு சொல்வது என்று பெயர் எழுத வேண்டும். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடம் இருக்கட்டும், இன்னொன்றை பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ அதற்கான அலுவலரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்த பிறகே அது நடைமுறைக்கு வரும். பிள்ளைகள் கட்டாயப்படுத்தி எழுதவைக்கக் கூடாது.

கடைசி நாட்கள்

சாப்பாடு தானாகக் குறையும். உடம்பு விடைபெறத் தயாராகிறது, பட்டினி போடுகிறோம் என்று குற்ற உணர்வு வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். விழுங்க முடியாதவர் வாயில் பால் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்த் திணறும். சடங்குக்காக என்றால் ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு நின்று நின்று வரும், கை கால் சில்லிடும். காதில் விழக்கூடும் என்பதால் சொத்துப் பேச்சைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வீட்டில் இறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மீதமிருக்கும் மார்ஃபின் மாத்திரையை வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள், வீட்டில் வைக்க வேண்டாம். காற்று மெத்தையையும் பெட்பேனையும் டெட்டால் போட்டுக் கழுவிக் காயவைத்து, உங்கள் ஊர் செவிலியரிடம் சொல்லிவையுங்கள். அடுத்த தெருவில் ஒருவர் அதற்குக் காத்துக்கொண்டிருப்பார்.