ஷிப்ட் வேலையும் கலோரி ஆப்பும்: பிரீமியத்துக்குப் பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலோரி கணக்கிடும் ஆப்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 மணியிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. இரவு பத்து மணிக்கு ஷிப்ட் ஏறுகிறவருக்கு அந்த நள்ளிரவு வேலையின் நடுவில் வருகிறது. பதினொன்றரைக்குக் குடித்த டீ ஒரு தேதியில் விழுகிறது, இரண்டு மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டது அடுத்த தேதியில் விழுகிறது. ஒரு நாள் இலக்கைத் தாண்டிச் சிவப்பாகக் காட்டும், மறுநாள் பாதிகூடச் சாப்பிடவில்லை என்று காட்டும். அந்த எரிச்சலில் இருக்கும்போது பிரீமியம் என்ற கட்டணப் பதிப்பை எடுக்கச் சொல்லி ஒரு திரை வரும். அங்கே பணத்தைக் கட்டிவிடுவதுதான் முதல் தவறு.

கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வழக்கமாக விளம்பரம் போகும், கூடுதல் வரைபடங்கள் வரும், புரதம் மாவுச்சத்து இலக்கைக் கிராமில் வைக்கலாம், கிழமைக்கு ஒரு இலக்கு வைக்கலாம். நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று மாற்றும் வசதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சிக்கல் பணம் கட்டிய பிறகும் அப்படியே இருக்கும்.

அதைக் காசில்லாமல் சரிசெய்யலாம். நீண்ட தூக்கம் முடிந்து எழும் நேரமே உங்கள் நாளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் மதியம் இரண்டு மணிக்கு எழுந்தால், செவ்வாய் காலை படுக்கப் போகும்வரை சாப்பிட்டதெல்லாம் திங்கள் கணக்கு. நள்ளிரவுக்குப் பிறகு பதியும்போது ஆப்பில் ஒரு தேதி பின்னால் போய்ப் பதிந்தால் போதும். காலை உணவு, மதிய உணவு என்ற பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுந்ததும் சாப்பிடுவது முதல் வேளை, அது மாலை மூன்று மணியானாலும் சரி. எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்ற பதிவைச் சில ஆப்கள் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் தருகின்றன. குறிப்புப் பகுதியில் ‘2.30’ என்று கையால் எழுதினாலும் அதே தகவல்தான்.

ஷிப்ட் மாறும் நாளில் இந்த ஏற்பாடும் கொஞ்சம் தள்ளாடும். காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, சில மணி நேரம் மட்டும் தூங்கி, மறுநாள் காலை ஷிப்டுக்குத் தயாராகும் நாளில் ஒரு வேளை கூடும் அல்லது குறையும். அந்த ஒரு நாளின் எண்ணை வைத்து மனம் நோக வேண்டாம். ஏழு நாள் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். தினசரி இலக்கு 1,900 என்றால் வாரத்துக்கு 13,300. கிழமைவாரி இலக்கு என்று விற்கப்படும் வசதி செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான்.

அடுத்தது பார்கோடு ஸ்கேனர், அதாவது பாக்கெட்டில் உள்ள கோட்டுக் குறியீட்டைப் படித்து உணவைப் பதியும் வசதி. மைஃபிட்னஸ்பால் 2005இல் தொடங்கிய ஆப். 2022 அக்டோபரில், அதில் அதுவரை இலவசமாக இருந்த பார்கோடு ஸ்கேனர் கட்டண வசதியாக மாறியது. பல வருடம் பயன்படுத்தியவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. இன்று இலவசமாக இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்று நம்பி, எல்லாப் பதிவையும் ஓர் ஆப்புக்குள் மட்டும் வைத்திருப்பது தவறு. வாராந்தரச் சராசரியையும் எடையையும் ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ தனியாக எழுதிவையுங்கள். ஸ்கேனர் வேண்டுமென்றால் 2012இல் பிரான்சில் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற உணவுத் தகவல் தளத்தின் ஆப் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் இட்லிக்கும் கேன்டீன் சாம்பாருக்கும் பார்கோடு கிடையாது, பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் கலோரி அச்சிட்டே இருக்கிறது. நம்மில் பலருக்கு இது பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அவசியமான வசதியில்லை.

உண்மையில் கணக்கைக் கெடுப்பது வேறு இடம். பல ஆப்களில் உணவுப் பட்டியலின் பெரும்பகுதியைப் பயனர்களே சேர்த்திருக்கிறார்கள். பச்சரிசி 100 கிராமுக்குச் சுமார் 356 கலோரி, வெந்த சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130. தட்டில் இருக்கும் 300 கிராம் சாதத்தை அரிசி என்ற பெயரில் பதிந்தால் ஒரே வேளையில் சுமார் 680 கலோரி கூடுதலாகக் காட்டும். நம் ஊர் உணவுகளுக்கு, ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை நம்பலாம். அதில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருப்பார்கள், 4.184ஆல் வகுத்தால் கலோரி வரும். அப்புறம், இரவு டீயை மறக்காதீர்கள். ஒரு ஷிப்டில் நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டும் சுமார் 160 கலோரி. பால் தனி.

கையில் கட்டும் வாட்ச்சை ஆப்போடு இணைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பில் ‘அதிகம் நடமாடும் வேலை’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், வார்டிலும் ஷாப் ஃப்ளோரிலும் நடப்பது ஏற்கெனவே இலக்கில் சேர்ந்திருக்கும். வாட்ச் காட்டும் கலோரியையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே நடையை இருமுறை எண்ணியதாகிவிடும்.

மொத்தக் கலோரி சரியாக இருந்தால் நேரம் எதுவானாலும் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. இரவில் நம் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. 2021இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வில், இரவு வேலை போன்ற சூழலில் இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆய்வகத்தில் சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. இருந்தாலும் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன் முடித்து, இரவில் லேசாக எடுத்துக்கொள்வது நல்ல வழி. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையை மாற்றவே கூடாது.

இதையெல்லாம் ஒரு மாதம் செய்து பார்த்த பிறகும் ஏதோ ஒரு கட்டண வசதி தேவை என்று தெளிவாகத் தெரிந்தால் தாராளமாக எடுங்கள். முதலில் வருடச் சந்தா வேண்டாம், ஒரு மாதம் போதும். இலவச டிரையலில் சேர்ந்துவிட்டு ஆப்பை மட்டும் அழிப்பது பலர் செய்யும் தவறு. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி, கொடுத்திருந்தால் அந்த யுபிஐ ஆப்பிலும் ஒருமுறை பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும், ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கப்படும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது வரும் அந்த மெசேஜை நம்பியிருக்க முடியாது. சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், டிரையல் முடியும் தேதி வரை பெரும்பாலும் எல்லா வசதியும் திறந்தே இருக்கும்.