நாள்பட நின்ற டீசல் லாரியை இயக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலத்தில் வேலையின்றி நிற்கும் ஆழ்துளைக் கிணறு வண்டியோ, தகுதிச் சான்றுக்காகக் காத்துக் கிடக்கும் பத்துச் சக்கர லாரியோ இரண்டு மூன்று மாதம் அசையாமல் நின்றுவிட்டால், முதல் நாள் சாவியைத் திருப்பும்போது இயங்க மறுப்பது வியப்பன்று. நின்ற வண்டியில் உண்டாகும் கோளாறு பெரும்பாலும் சிறியது: சார்ஜ் இறங்கிய பேட்டரி, டீசல் குழாயில் புகுந்த காற்று, பில்டரில் தேங்கிய நீர். கோளாறு எதுவென்று பார்க்காமல், எப்படியாவது வண்டி உறுமிவிட வேண்டும் என்று நாம் செய்யும் காரியங்களால்தான் பெருஞ்செலவு வருகிறது.

அவற்றுள் முதன்மையானது, ஏறி உட்கார்ந்ததும் செல்ப் அடிப்பது. அதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். நின்றிருந்த வண்டியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயிலில் டீசல் வாடை வீசினாலோ, அது மோர் போல வெளுத்திருந்தாலோ, டீசலோ நீரோ உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இன்ஜினைச் சுழற்றவே கூடாது. ஏர் பில்டரைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சைலன்சர் வாய் வானத்தைப் பார்த்திருக்கும் வண்டியில் மழைநீர் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. காற்றைப் போல நீர் அழுந்தாது என்பதால், சிலிண்டரில் நீர் நின்றால் பிஸ்டன் அதன்மீது மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஐயம் இருந்தால் முதல் சுற்றைக் கையால் திருப்பிப் பார்ப்பதே முறை.

செல்ப் மோட்டார் சில நொடி வேலைக்காகச் செய்யப்பட்ட கருவி. ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடிக்கு மேல் அடிக்காமல், இடையில் இரண்டு நிமிடமாவது ஆறவிட வேண்டும். பொறுமையிழந்து ஒரு நிமிடம் விடாமல் அடிப்பவர், கெட்டுப்போகாத ஒரு பாகத்தையும் கெடுத்துப் பேட்டரியையும் காலி செய்துவிடுகிறார்.

பேட்டரியைப் பொறுத்தவரை, விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். கனரக இன்ஜினைச் சுழற்றப் பல நூறு ஆம்பியர் வேண்டும். பெரும்பாலான லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே மீட்டரில் அளக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் செல்ப் அடிப்பது வீண். பாட்டுப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் வழக்கம் நம் ஓட்டுநர்களிடம் உண்டு. இதனால் அந்த ஒன்று மட்டும் முன்கூட்டியே தளர்ந்துவிடுகிறது. அப்போதும் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், பழையது புதியதையும் தன்னோடு கீழே இழுக்கும். மாற்றுவதற்கு முன், முனையில் பூத்த வெண்பச்சைப் படிவைச் சுரண்டி, எர்த் கேபிள் சேஸிஸைத் தொடும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தால், பல சமயம் புதுப் பேட்டரியே தேவைப்படாது.

வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் கொடுக்கும்போது, 24 வோல்ட் லாரிக்கு 24 வோல்ட் வண்டியே வேண்டும். கடைசி நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல், தள்ளி இருக்கும் சேஸிஸ் இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது.

இன்ஜின் நல்ல வேகத்தில் சுழன்றும் பற்றவில்லை என்றால், ஒருவரைப் பின்னால் நிறுத்திச் சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. செல்ப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் சேர்கிறது, எரியவில்லை. சுழலும் வேகமோ, சிலிண்டரில் காற்று அழுந்தும் காம்ப்ரஷனோ குறைவு. புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு சாட்சி கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். டீசல் சேரவில்லை என்று தெரிந்த பின், பம்பைக் கழற்றுவதற்கு முன், பழைய வண்டிகளில் இன்ஜினை நிறுத்தும் கம்பியோ, மின்சாரத்தால் அதே வேலையைச் செய்யும் சோலனாய்டோ மூடிய நிலையிலேயே துருவேறிச் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டீசல் வராததற்கு மிகப் பொதுவான காரணம் ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்துக்கொள்வது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பு வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம் என்பதால், தளர்ந்த வாஷர் வழியாகவோ வெடித்த ஓஸ் வழியாகவோ அங்கே டீசல் ஒழுகாமலே காற்று மட்டும் புகும். ஈரம் இருக்கும் இடத்தை மட்டும் தேடுகிறவர் இந்தக் கசிவைக் காண மாட்டார். டேங்கில் டீசல் குறைவாக இருந்து வண்டி சரிவில் நின்றிருந்தாலும் இதே கதைதான். பழைய வகைப் பம்பு உள்ள வண்டியில், பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும் வரை கை பம்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும்; கையை எடுத்த பிறகு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போகும். பிறகும் பற்றாவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் குழாய் நட்டுகளைத் தளர்த்திச் செல்ப் அடித்துக் காற்றை எடுப்பது பட்டறை வழக்கம்.

எல்லா நாசிலுக்கும் பொதுவான ரெயில் என்ற குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் வண்டியில், அந்த வழக்கத்தை ஒருபோதும் செய்யக் கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு விற்பனையான டீசல் லாரிகளும், அதற்கு முந்தைய பல வண்டிகளும் இவ்வகையே. லாரி டயரில் நாம் ஏற்றும் காற்று சுமார் 8 பார். ஓடும்போது ரெயிலில் நிற்கும் டீசல் 1,600 பார் அளவுக்கும் போகும். அந்த அழுத்தத்தில் பீறிடும் நூலிழை டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் கையையே இழக்க நேரும். இவ்வண்டிகளில் பில்டர் வரையுள்ள குறை அழுத்தப் பக்கத்தில் மட்டும் காற்றை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுச் செல்ப் அடிக்க வேண்டும். ரெயிலில் தேவையான அழுத்தம் சேரும் வரை வண்டியின் கணினி நாசிலைத் திறக்காது.

டேங்கைப் பாதி காலியாக விட்டு நிறுத்தினால், காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் படிந்து அடியில் நீராகச் சேரும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கரும்பாசி போன்ற வழுவழுப்பு உண்டாகிப் பில்டரை அடைக்கும். ஆகையால் நீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்காமல் புதுப் பில்டர் போடுவது காசைக் கரைப்பது. டேங்க் அடியில் நீர் இருந்தால் புதுப் பில்டரும் சில நாளில் அடைபடும்.

ஏர் பில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும், எளிதில் பற்றும் ஈதர் தெளிப்பானை அடிப்பதும் துணிச்சல் என்று கருதப்படுகின்றன. எனக்கு அவை முட்டாள்தனமாகவே படுகின்றன. பெட்ரோல், அழுத்தச் சூட்டில் டீசலைவிடச் சிரமப்பட்டே பற்றும். அதன் ஆவியோ இன்ஜினைச் சுற்றித் தீப்பொறிக்காகக் காத்திருக்கும். ஈதர் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டன் வளையங்களை உடைக்கும். காற்றை உறிஞ்சும் குழாயில் சூடேற்றும் கம்பி உள்ள வண்டியில் தெளிப்பவர் முகத்திலேயே வெடிக்கலாம்.

டிராக்டர் கட்டி இழுத்து இயக்குவதும் ஏர் பிரேக் வண்டிக்கு ஆகாது. காற்று இல்லாதபோது பின்சக்கரங்களை ஸ்பிரிங் பிரேக் பிடித்திருக்கும். அதைப் போல்ட் திருகி விடுவித்து இழுத்தால், ஸ்டியரிங் கனத்து, பிரேக்கும் இல்லாத பல டன் இரும்பு முன்னே போகும் டிராக்டரின் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

ஒருவழியாக இன்ஜின் பற்றியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறும வைப்பதும் தவறுதான். மாதக்கணக்கில் நின்றதில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டிலிருந்து ஆயில் வடிந்திருக்கும். ஆயில் அழுத்தம் ஏறி, அது எல்லா இடமும் சேரும் வரை ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். அதற்குள் காற்றுத் தொட்டியும் நிறையும். பிறகும் சக்கரம் நகரவில்லை என்றால் பிரேக் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டியிருக்கக்கூடும். கிளட்சை வேகமாக விட்டுப் பிடுங்காமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, டிரம்மைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.