பேச்சுப் பயிற்சி கிளாஸுக்கு 4-3-2

காலேஜ்ல பெரியவங்களுக்கு பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க ஒவ்வொருத்தரா மேடை ஏத்தாம, எல்லாரையும் ஜோடியா உட்கார வச்சு ஒரே விஷயத்த மூணு தடவ பேச விடுங்க, முதல்ல 4 நிமிஷம், கேட்கிற ஆள மாத்தி 3 நிமிஷம், திரும்ப மாத்தி 2 நிமிஷம், அப்புறம் கேட்டவங்க முறை. 40 பேர் தனித்தனியா 4 நிமிஷம் பேசினா 160 நிமிஷம் போயிடும், இதுல 18 நிமிஷத்துல எல்லாரும் மூணு தடவ பேசிடுவாங்க. என்ன சொல்றதுன்னு ரெண்டாவது தடவ யோசிக்க வேண்டியதில்ல, அதனால திக்கலும் "வந்து... வந்து"வும் குறையும், ஒருத்தர் முகத்த மட்டும் பார்த்து பேசுறதால கூச்சமும் கொஞ்சம் விடும். மனப்பாடம் பண்ணின பேச்சுக்கு இது ஆகாது, வேகமா ஒப்பிக்க ஆரம்பிச்சிடுவாங்க. இலக்கணம் திருத்தவும் இது ஆகாது, தப்பும் சேர்ந்து மூணு தடவ பதிஞ்சிடும்.