சைலன்சர் மாற்றிய பைக்கின் சத்தத்தை நீங்களே அளக்கலாம்

சைலன்சரை மாற்றியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டெசிபல் வரை விடுவார்கள்?" என்றுதான். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கான ஐ.நா. விதி 41-ஐ ஏற்ற நாடுகளில் இதற்கு இரண்டு எண்கள் உண்டு. சக்திவாய்ந்த பைக்குகளுக்கு 77 என்பது உச்சவரம்பு. ஆனால் அது ஓடும் வண்டியிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில், தயாரிப்பாளர் ஒப்புதல் வாங்கும்போது அளப்பது. சாலையில் நிறுத்திச் சோதிப்பவர்கள் பார்ப்பது, உங்கள் வண்டியின் தயாரிப்பாளர் தகட்டில் பொறித்திருக்கும் நின்ற நிலை எண்ணை, அதாவது வண்டி நிற்கும்போது அளந்த டெசிபலை. என் பைக்கில் அது 91, அதை அளக்க வேண்டிய ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) 4,250. இந்தக் குழப்பத்தில் நானே ஒரு வருடம் சும்மா பயந்துகொண்டிருந்தேன்.

அளக்கும் முறை இதுதான். சுற்றி 3 மீட்டருக்குச் சுவரோ வண்டியோ இல்லாத தார்த் தரை வேண்டும். புகை வரும் வாயிலிருந்து சரியாக அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி பக்கவாட்டில், அதே உயரத்தில் மைக்கை வையுங்கள். வாய் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் மைக் தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஒலி மீட்டரில் 'ஏ' எடை (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ற அமைப்பு), 'ஃபாஸ்ட்' (வேகமாகக் காட்டும் அமைப்பு) என்று வையுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் தகட்டில் உள்ள ஆர்பிஎம்முக்கு மெல்ல ஏற்றி, ஒரு விநாடியாவது அசையாமல் பிடித்து, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். விடும்போது வரும் படபட சத்தமும் கணக்கில் சேரும். பலர் மாட்டுவது அங்கேதான். உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவுகள் 2 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

போன் ஆப்பை நம்பி வாதாடப் போகாதீர்கள். பழைய சைலன்சருக்கும் புதியதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க மட்டும் அது உதவும். 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இரட்டிப்பு.

அப்புறம், மீட்டரை எடுப்பதற்கு முன்பே அதிகாரி குனிந்து பார்ப்பது சைலன்சரில் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா, டிபி கில்லர் (சத்தத்தைக் குறைக்கச் சைலன்சர் வாயில் செருகும் குழாய்) உள்ளே இருக்கிறதா என்பதைத்தான். டிபி கில்லரைக் கழற்றித் தோள்பையில் வைத்திருந்த என்னை ஒருமுறை சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அளக்கக்கூட இல்லை.

திரும்ப மாட்டியும் 96 காட்டியது. சைலன்சரைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடி இழை பாதி எரிந்து போயிருந்தது. புதிதாகச் சுற்றியதும் 91-க்கு வந்துவிட்டது.