பகுதி சபாவில் பணத்தைப் பற்றியும் கேளுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபா கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கின. ஊராட்சிக்குக் கிராம சபை மாதிரி, நகரத்தில் ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி மக்கள் கவுன்சிலரிடம் நேரில் பேசுவதற்கான ஏற்பாடு. போகிறவர்கள் பெரும்பாலும் தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதான். ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, எதில் போகிறது என்ற கேள்வி அங்கே அரிதாகவே எழுகிறது. முதல் தவறு அதுதான்.

அடுத்தது, காலம் தவறிக் கேட்பது. ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் மார்ச் வாக்கில் மன்றத்துக்கு வந்துவிடும். மழைநீர் வடிகால் வேண்டும் என்று ஏப்ரலில் கேட்டால், அந்த ஆண்டுப் பணம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கும். செப்டம்பரில் எழுதிக் கொடுங்கள், டிசம்பரில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள், ஜனவரியில் மறுபடி நினைவூட்டுங்கள். புனே மாநகராட்சி 2006 வாக்கிலேயே பட்ஜெட் தயாராகும் முன் மக்களிடம் வேலைப் பட்டியல் வாங்கத் தொடங்கியது.

எனக்கு அதிகம் கவலை தருவது வரி விஷயம். சொத்து வரி உயர்வு என்றாலே தள்ளிப்போடச் சொல்வது நம் வழக்கம். சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் எந்தச் சீராய்வும் நிலைக்கவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019-ல் நிறுத்திவைத்தார்கள். சொத்து வரி வசூலை வளர்த்துக் காட்டினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று, மத்திய அரசின் நிதியைப் பிரிக்கப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. கடைசியில் 2022-ல் 25 முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாக ஏறியது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால், பென்ஷனில் வாழ்கிறவர்கூடச் சமாளித்திருப்பார்.

எதிர்க்கவே கூடாது என்பதில்லை. அதற்கு முன் சில கேள்விகள் இருக்கின்றன. நம் வார்டில் வரி நிலுவை எவ்வளவு? கடையாகவும் விடுதியாகவும் மாறிய வீடுகள் இன்னும் குடியிருப்புக் கணக்கிலேயே இருக்கின்றனவா? புதிதாக எழும்பிய மாடிகளை அளந்தார்களா? பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம், நாம் கேட்பது மொத்தக் கணக்கைத்தான். வசூலாகாத வரியின் சுமை, ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது.

புதிதாகக் கட்டச் சொல்லும்போது பராமரிப்பை மறந்துவிடுவதும் உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டு ஒரு பூங்கா கேட்கலாம், நல்ல விஷயம். சரி, காவலாளி சம்பளம், மோட்டார் மின்கட்டணம், செடிக்குத் தண்ணீர்? கட்டும் செலவு ஒரு முறைதான், இவை வருடா வருடம் வரும். கோரிக்கையிலேயே அதற்கும் ஒரு தொகை எழுதுங்கள்.

பட்ஜெட் புத்தகம் கிடைத்தால் அடுத்த ஆண்டு மதிப்பீட்டை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். முந்தைய ஆண்டில் உண்மையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு வரவைக் கூட்டிக் காட்டி, வசூல் மட்டும் அங்கேயே நிற்கிறது என்றால், ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் பாக்கி விழும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று: பல மாநகராட்சிகளில் குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. கல்வி நிதியில் இருப்பு இருக்கிறதே, எங்கள் ரோட்டைப் போடுங்கள் என்று வாதாடினால் எடுபடாது.

கணக்கு கிடைக்கவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட்டு, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் கடைசி அறிக்கையைக் கேளுங்கள். அதில் தணிக்கைத் தடைகள், அதாவது கணக்கில் தணிக்கையாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்கள், வரிசையாக இருக்கும். உங்கள் வார்டைத் தொடும் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு போய், பதிலைக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.