‘சரி, தந்துடுறேன்’ என்பதற்கு முன்னால்

என் அம்மா மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியுமுன்னே கிளம்பிவிடுவார். யாராவது வராத நாளில் அந்த ஆளின் நிரையையும், அதாவது மர வரிசையையும், சேர்த்து வெட்டச் சொன்னால், அம்மா முதலில் வானத்தைப் பார்ப்பார். தன் நிரையில் இன்னும் எத்தனை மரம் மிச்சம் என்று பார்ப்பார். அப்புறம்தான் பதில்.

நான் தனியாக எழுத்து வேலை எடுத்துச் செய்யத் தொடங்கிய முதல் இரண்டு வருடம் வானத்தையும் பார்க்கவில்லை, மரத்தையும் எண்ணவில்லை. யார் கேட்டாலும் புலனத்தில் (வாட்ஸ்அப்) ‘சரி, தந்துடுறேன்’தான். மாதச் சம்பளம் இல்லாதவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. இன்று மறுத்தால் நாளை கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் சிறப்பு மலருக்கு ஒரு கதை, துணிக்கடை விளம்பர வாசகம், மலாயிலிருந்து ஒரு கையேடு மொழிபெயர்ப்பு என மூன்றையும் ஒப்புக்கொண்டேன். கையேடு நான்கு நாள் தாமதம். அந்த நிறுவனம் அதோடு சரி, மறுபடி அழைக்கவே இல்லை. முதலிலேயே முடியாது என்றிருந்தால் இன்னொரு முறையாவது கேட்டிருப்பார்கள்.

இப்போது சமையலறைச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு நாளையும் பேனாவால் இரண்டு கட்டமாகப் பிரித்திருக்கிறேன், காலை ஒன்று, மதியம் ஒன்று. வேலை வந்தால் எத்தனை கட்டம் என்று எண்ணி எழுதுவேன். இடம் இல்லையென்றால், “12ஆம் தேதி தரலாம், பரவாயில்லையா?” என்று கேட்பேன். பாதிப் பேர் சரி என்றுவிடுகிறார்கள். அவசரம் என்பது பல சமயம் கேட்பவரின் பழக்கம்தான்.

கட்டம் போடுவதிலும் ஒரு தவறு உண்டு. எழுதுகிற நேரத்தை மட்டும் எண்ணுவது. கனடாவில் செய்யப்பட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன கணக்கும் 49 நாளைத் தாண்டவில்லை. நாமும் அந்த மாணவர்கள்தான். ஐந்து மணி நேரத்தில் ஒரு கட்டுரை எழுதிவிடலாம், உண்மை. ஆனால் பேட்டிக்குரியவர் போனை எடுக்க மாட்டார். பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்று அச்சகம் சொல்லும். அதில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. மாற்றும்போது கொம்பு பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பிடுங்கி நட வேண்டும். நான் எழுதும் நேரத்தோடு இன்னொரு பாதியைச் சேர்த்துத்தான் கட்டம் போடுகிறேன்.

கெடாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். இங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். கோலாலம்பூர் ஆசிரியர் ‘வெள்ளிக்குள்’ என்றால், இங்குள்ள இலாகாவிலிருந்து வாங்க வேண்டிய தகவலுக்கு வியாழன் மாலையே கடைசி. சென்னைக்காரர் ‘மாலை 5 மணி’ என்றால் நமக்கு அது இரவு 7.30. தேதியோடு மணியையும், யாருடைய மணி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை திருத்தம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். என் கணக்கு இரண்டு.

அப்புறம் ஊர் வேலை. தோட்டத்துப் பக்கத்துப் பட்டணத்தில் வீட்டிலிருந்து எழுதுகிறவள் ‘சும்மா இருக்கிறவள்’தான். “தங்கச்சி, நீ வீட்டிலதானே இருக்கே? திருவிழா மலருக்கு ரெண்டு பக்கம்தான் லா” என்பார் கோயில் பொருளாளர் அண்ணன். அந்த இரண்டு பக்கம் தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, ஐயரின் வாழ்த்து என்று நாற்பதாக வளரும். கோயில் வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை, மறுப்பதும் இல்லை. தப்பு செய்தது வேறு இடத்தில்: காசில்லாத வேலைக்குக் கட்டம் எதற்கு என்று விட்டது. காசு இல்லாவிட்டாலும் அது நேரத்தைத் தின்னும். இப்போது அதற்கும் நாள்காட்டியில் இடம் ஒதுக்குகிறேன், வருடத்துக்கு ஒரு மலர். நன்கொடையாளர் பட்டியலை மட்டும் தொடுவதில்லை. ஒரு தலைப்பெழுத்து மாறினால் ஊரில் நடமாட முடியாது.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, தாமதமாகிறது என்று தெரிந்த பிறகு போனை அணைத்து வைப்பது. நானும் செய்திருக்கிறேன், வெட்கம்தான். தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும், கெடு நாள் வரை காத்திருக்கக் கூடாது. முடிந்த பாதியையும் கூடவே அனுப்பினால் ஆசிரியர் பக்கத்தை அமைக்கத் தொடங்கிவிடுவார்.

யாரும் நினைவூட்டாத கெடு ஒன்றும் உண்டு: சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமான வரிக்குக் கொடுக்கும் பி பாரம், ஜூன் 30. அதையும் நாள்காட்டியில் குறியுங்கள்.

கடைசியாக, எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்று வேலை இல்லை. நமக்கும் காய்ச்சல் வரும், இணையம் போகும், முடிந்ததென்று நினைத்த வேலை திருத்தத்தோடு திரும்பி வரும். அதனால் வாரத்துக்கு ஒரு கட்டத்தில் ‘மழை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் அம்மா பசியாறிக்கொண்டே நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். அக்டோபரில் கை நின்றது.

“தீபாவளி மாசம் வேற. ஒரு மழை போதுமா?”

பேனாவை எடுத்து இன்னொரு கட்டத்தில் எழுதினேன்.